பள்ளிக்கூடத்தில் போன் வேண்டாம்தான். ஆனால் பிடிபட்ட பெண் பிள்ளையை என்ன செய்கிறீர்கள்?

"மாணவர்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவர அனுமதிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பிள்ளை போன் கேட்டு அடம்பிடிக்கிறது என்று நினைக்கிறேன். என் பதில், வகுப்பறையில் போன் வேண்டாம். பாடம் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் ரீல்ஸ் ஓடினால் எந்த வாத்தியாராலும் பாடம் நடத்த முடியாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனால் தடை போட்ட பிறகும் ஒரு பிள்ளை போனோடு பிடிபட்டால் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தருமபுரி மாவட்டத்தில் எங்கள் பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கத்தில் பையன் பிடிபட்டால் நாலு அடியோடு போய்விடும். பெண் பிடிபட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டுப் பையில் போன் இருந்ததை ஸ்கூலில் பார்த்துவிட்டார்கள். அவள் அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. அவருக்கே போன் போட்டு, "உங்க பொண்ணு செல்போன் வச்சிருக்கா, யார்கிட்ட பேசறான்னு விசாரிங்க" என்று சொல்லிவிட்டார்கள். கிராமத்தில் ஒரு தகப்பனுக்கு அந்த வார்த்தை போதும். ராத்திரியே பஸ் ஏறி வந்துவிட்டார். விடிந்ததும் புத்தகப் பை பரணில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பக்கமிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு.

அக்கா அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். தையல் கடையைச் சாத்திவிட்டு நேராகப் போனேன். போன் டிவி மேல் கிடந்தது. பின்மூடி கழலாமல் இருக்க ரப்பர் பேண்டு சுற்றிய பழைய பட்டன் போன், அதில் வாட்ஸப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது. எடுத்து மாமா கையில் கொடுத்து, "போன கால் எல்லாம் ஒண்ணொண்ணா பாருங்க மாமா" என்றேன். அக்கா நம்பர், என் நம்பர், அவருடைய பெங்களூர் நம்பர். பெரும்பாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போட்டவை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பஸ் இல்லாமல் நிற்கும்போது கூப்பிடட்டும் என்று அக்காதான் அந்தப் போனைக் கொடுத்திருந்தாள். தான் கொடுத்தது என்று சொன்னால் அடி விழும் என்று பயந்து அவள் வாயே திறக்கவில்லை.

"ஊரே பேசுது, நீ இதுல தலையிடாத" என்றார் மாமா. அப்புறம்தான் சட்டத்தை எடுத்தேன். பெண்ணுக்கு 18 ஆகவில்லை. 2006ஆம் வருடத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, கல்யாணத்தை நடத்தி வைக்கிறவர்களுக்கு இரண்டு வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு நானே போன் பண்ணுவேன், அக்கா வீடு என்று பார்க்க மாட்டேன் என்று சொன்னேன். அந்த வாரமே பிள்ளை மறுபடி ஸ்கூலுக்குப் போனாள். மாமா என்னோடு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசாவிட்டால் பரவாயில்லை. இன்று அவள் தருமபுரியில் பி.காம் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கிலேயே ஏறுகிறது. எனக்குப் பெருமைதான்.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தக்காளி பறிக்கக் கூலிக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும், திட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்டாப்பில் பெண்களும் பாஸ் வைத்திருக்கிற பிள்ளைகளும் மட்டும் நின்றால் சில வண்டிகள் தள்ளிப்போய்த்தான் நிற்கின்றன, சில நிற்பதே இல்லை. ஓடிப் போய் ஏறுவதற்குள் விசில் அடித்துவிடுகிறார்கள். இருட்டுகிற நேரத்தில் அடுத்த வண்டிக்கு அந்தப் பிள்ளைகள் ரோட்டோரம் நிற்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் மனுவும் கொடுத்தோம். ரசீது கையில் இருக்கிறது, வண்டிகள் இன்னும் அப்படித்தான் போகின்றன. பஸ் ஒழுங்காக நின்றிருந்தால் அக்கா அந்தப் போனைக் கொடுத்திருக்கவே மாட்டாள்.

"போன் வந்துதான் பெண் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்று சொல்ல வருபவர்களுக்கு ஒன்று. 2020ல் பள்ளிகளை மூடியபோது, போன் இல்லாவிட்டால் பிள்ளை படிக்க முடியாது என்று கடன் வாங்கிப் போன் வாங்கிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அன்று யாரும் கெட்டுப்போவதைப் பற்றிப் பேசவில்லை. பிரான்ஸில் 2018லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். சரி, நாமும் தடுப்போம். ஆனால் அங்கே ஒரு பிள்ளை பிடிபட்டால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருவதில்லை. ஆசிரியர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, வருகைப் பதிவையே போனில் ஏற்றிக்கொண்டு அத்தனை பிள்ளைகளையும் மேய்க்கிறவர்கள் அவர்கள். ஒரு போன் கால் வீட்டில் என்ன செய்யும் என்று மட்டும் அவர்கள் யோசித்தால் போதும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது போய், காலையில் போனை வாங்கி வைத்துச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க ஒரு பூட்டுப் பெட்டி வையுங்கள் என்று கேளுங்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் அவசரத்துக்கு வீட்டுக்குப் பேச ஸ்கூல் போனைத் தர வேண்டும். யாராவது பிடிபட்டால் முதலில் அந்தப் பிள்ளையிடம் ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவை நேரில் வரச்சொல்லித் தனியாகப் பேசட்டும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் போனைத் தூக்கிக் காட்டக் கூடாது. இதற்குத் தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ளாவிட்டால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது, அதில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.