அம்பாசடர் கிரில்லுக்கு 7,500 ரூபாயா?

கேள்வி: 1981-ல் அப்பா எங்கள் அம்பாசடருக்கு முன் கிரில் மாற்றியபோது 120 ரூபாய். பில் இருக்கிறது. இப்போது அதே ஒரிஜினல் கிரில் 7,500 என்கிறார்கள். கேட்டால், “விலைவாசி எங்கேயோ போயிடுச்சு சார்.” நியாயமா? (திருச்சி)

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருமான வரிக்காக அரசு வெளியிடும் பணவீக்கக் குறியீடு 1981-82-ல் 100, 2001-02-ல் 426. அந்த வருஷத்தை மறுபடி 100 என்று வைத்து எண்ணியதில் 2024-25-க்கு 363. பெருக்கினால் பதினைந்தரை மடங்கு. தாராளமாக 20 மடங்கு என்றே வைத்தாலும் உங்கள் கிரில் 2,400 ரூபாய்தான். மீதி 5,100-க்கும் விலைவாசிக்கும் சம்பந்தம் இல்லை, அது தட்டுப்பாட்டு விலை. மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. கிரில்லுக்கு அந்த விலை கொடுக்க மனசிருந்தால் கொடுங்கள், ஆனால் பேரம் பேசிக் கொடுங்கள். பிளக்குக்கும் பேரிங்குக்கும் இதே கதையைச் சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள், அதெல்லாம் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள்.

கேள்வி: நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். பின் கதவுக் கண்ணாடியை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா? (கோவை)

பதில்: கிடைக்காது. உங்கள் காரின் இங்கிலாந்து மூலமான டிரையம்ப் ஹெரால்டு அங்கே நாலு கதவோடு வந்ததே இல்லை, நாலு கதவு மெட்ராஸில் மட்டும் செய்தது. என்ஜின் சாமான் வேண்டுமானால் அங்கே தேடுங்கள்.

கேள்வி: போட்டோ பார்த்து கார்புரேட்டருக்கு 14,000 ஜிபே செய்தேன். பில் இல்லை, கடை விலாசமும் தெரியாது. இப்போது போனை எடுப்பதில்லை. (சேலம்)

பதில்: சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு இப்போதே போன் செய்யுங்கள். விலாசம்கூடக் கேட்காமலா 14,000 அனுப்புவது?

கேள்வி: “சீல் பிரிக்காத பழைய ஒரிஜினல்” என்று பிரேக் ரப்பர் கிட் 3,200-க்கு வாங்கினேன், பில்லோடு. நாலாம் நாளே ஆயில் ஒழுகுகிறது. விற்ற பொருள் வாபஸ் இல்லையாம். (மதுரை)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. என் பத்மினி காருக்கும் இப்படி ஒன்று வாங்கினேன். மஞ்சளடித்த அட்டைப்பெட்டி, உள்ளே எண்ணெய்த் தாள், பார்க்கப் பிரமாதம். மாட்டி ஓட்டினேன், ஒரு இறக்கத்தில் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது, ஹேண்ட் பிரேக்கில்தான் வண்டி நின்றது. அப்புறம் கழற்றிப் பார்த்தால் ரப்பர் நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழவில்லை, மடக்கினால் ஓரமெல்லாம் மயிரிழை விரிசல். ரப்பர் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் கிழடாகும். கிரில், பேட்ஜ், கதவுக் கைப்பிடி எல்லாம் பழைய ஒரிஜினலே வாங்கலாம். பிரேக் ரப்பரும் ஹோஸும் புதிதாகச் செய்ததுதான் வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட சாமானை ஒரிஜினல் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி மூன்று மடங்கு விலைக்குத் தலையில் கட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், பில்லில் ‘வாபஸ் இல்லை’ என்று அச்சடித்திருந்தாலும் சரி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருஷம் அவகாசம் உண்டு. கிட்டையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெக்கானிக்கிடம் நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.