சாசனத்தில் யாருக்கு எந்தப் பக்கம்?

வணக்கம் சார்,

அமெரிக்க அரசியல் சாசனத்தில் பணக்காரர்களின் நலன் கலந்திருக்கிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நம்முடையதும் ஜமீன்தார்களும் வக்கீல்களும் எழுதியதுதானே? அதை மட்டும் ஏன் கொண்டாடுகிறோம்?

ம., பெரம்பூர்

அன்புள்ள ம.,

கேள்வி நியாயமானது. 1946-இல், சாசனத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபைக்கு ஆட்களை அனுப்பியவை மாகாண சட்டசபைகள். அந்தச் சட்டசபைகளுக்கு ஓட்டுப் போட்டவர்கள் வரி கட்டியவர்கள், நிலம் வைத்திருந்தவர்கள், படித்தவர்கள். வயதுவந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. பீகாரின் பெரிய ஜமீன்தார், தர்பங்கா மகாராஜா காமேஷ்வர் சிங்கே சபையில் உறுப்பினர்.

ஆனால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைவிட, எது எந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது என்று பாருங்கள். சொத்துரிமை, 31-ஆவது பிரிவு, அடிப்படை உரிமைகளோடு இருந்தது. பறிபோனால் கோர்ட்டுக்குப் போகலாம். நாட்டின் வளங்கள் எல்லோருக்கும் பயன்படும்படி பங்கிடப்பட வேண்டும் என்ற 39-ஆவது பிரிவு, அரசு எப்படி நடக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. அதைக் காட்டி எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது என்று 37-ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. வர்க்க நலன் எனக்குத் தெரிவது, எதை எங்கே வைத்தார்கள் என்பதில்தான்.

சரி, அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். பீகாரின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்து அதே மகாராஜா வழக்குப் போட்டார். 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் சட்டம் செல்லாது என்றது. அதற்குக் கைகொடுத்தது சமத்துவப் பிரிவு! சின்ன ஜமீனைவிடப் பெரிய ஜமீனுக்குக் குறைந்த விகிதத்தில் நஷ்டஈடு கொடுப்பது பாகுபாடாம். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஜூனிலேயே சாசனத்துக்கு முதல் திருத்தம் வந்தது. ஒன்பதாவது அட்டவணை பிறந்தது; அதில் சேர்த்த சட்டங்களை அடிப்படை உரிமையைக் காட்டிக் கோர்ட்டில் எதிர்க்க முடியாது என்றானது. அதில் சேர்ந்த 13 சட்டங்களில் நம் சென்னை மாகாணத்தின் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டமும் ஒன்று.

திருத்தியது யார்? தற்காலிக நாடாளுமன்றமாக இயங்கிய அதே சபைதான். ஆனால் சில மாதங்களில் தேர்தல். 326-ஆவது பிரிவுப்படி, செருப்பில்லாத குடியானவனுக்கும் ஓட்டு. அமெரிக்கச் சாசனம் இப்படி எல்லோருக்கும் ஓட்டுக் கொடுக்கவில்லை. 1786-இல் மாசச்சூசெட்ஸில் கடன்பட்ட விவசாயிகள் கிளர்ந்தார்கள். அடுத்த கோடையில் பிலடெல்பியாவில் கூடியவர்கள், மாநிலங்கள் காகிதப் பணம் அடிக்கக் கூடாது, கடன் ஒப்பந்தங்களைக் குலைக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். யாருக்கு ஓட்டு என்பதை மாநிலங்களிடமே விட்டார்கள். சொத்து இல்லாதவருக்குப் பல மாநிலங்களில் ஓட்டு இல்லை. நான் நம்முடையதைக் கொண்டாடுவது 326-க்காகத்தான்.

முழுசாக அல்ல. 1978-இல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமையிலிருந்து எடுத்துவிட்டது. 39 மட்டும் இடம் மாறவில்லை. ஜமீன் ஒழிப்பு தஞ்சை மிராசுதார்களை அசைக்கவும் இல்லை, அங்கே நிலம் பெரும்பாலும் ரயத்துவாரி, அதாவது நடுவில் ஜமீன்தார் இல்லாமல் நிலத்துக்காரரே அரசுக்கு வரி கட்டும் முறை. அதே தஞ்சை மாவட்டத்தில் அன்று இருந்த கீழ்வெண்மணியில் 1968-இல் 44 பேர் கருகியது கூலி கேட்ட போராட்டத்தில்.

சைதாப்பேட்டையில் என் வீட்டு பீரோவில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. அதற்குள் தாத்தா ஜமீன் கச்சேரியில் கிஸ்து கட்டிய ரசீது, மடிப்பில் கிழிந்தது. அதோடு, ஒழிப்புக்குப் பிறகு அவர் பெயரில் வந்த பட்டா. அவருக்கு அந்தச் சட்டம் நிலம் கொடுத்தது. அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர் எங்கள் பண்ணையாள். அவர் பெயர் இரண்டிலும் இல்லை.