காட்சிமுனையில் இரண்டு நாளும் வெறும் மூட்டமா?

இரண்டு நாளும் பதினோரு மணிக்கு மேல் போய், பனிமூட்டத்தை மட்டும் பார்த்துத் திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். இடத்தில் குறையில்லை, நேரம்தான் சிக்கல். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழும். அது குளிர்ந்து மேகமாகி முகட்டில் உட்கார்ந்துகொள்ளும். நாளை விடிவதற்கு அரைமணி முன்பே அங்கே இருங்கள். 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், ஸ்வெட்டர் அவசியம்.

அருவியை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மேகமூட்டத்தில் படம் வெளுக்காமல் வரும். ஆனால் மலைப்பக்கம் இடி கேட்டால் உடனே கரையேறிவிடுங்கள். இங்கே வானம் வெளுத்திருந்தாலும், மேலே பெய்த மழை வெள்ளமாக வரும்.

அப்புறம், அப்பாவின் முழங்கால் பற்றிக் கேட்டீர்களே, ஏற்றத்தைவிட இறக்கம்தான் படுத்தும். கையில் ஒரு தடி கொடுங்கள்.