நோட்டீஸ் அனுப்பாமலேயே மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யலாமா?

கேள்வி: எங்கள் வயலுக்குச் செல்லும் பாதை குறித்த வழக்கில் முன்சீப் நீதிமன்றமும் சார்பு நீதிமன்றமும் எங்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. உயர் நீதிமன்றத்தில் நாங்கள் தாக்கல் செய்த இரண்டாம் மேல்முறையீட்டை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கூட அனுப்பாமல் அனுமதி நிலையிலேயே தள்ளுபடி செய்துவிட்டார்கள். எங்கள் வழக்கறிஞர் பேசியது சில நிமிடங்களே. இப்படி முடிக்கச் சட்டத்தில் இடமுண்டா? உச்ச நீதிமன்றம் சென்றால் பலன் கிடைக்குமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: இடமுண்டு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 41-ஆவது கட்டளை, 11-ஆவது விதியின்படி, மேல்முறையீடு செய்தவரையோ அவருடைய வழக்கறிஞரையோ மட்டும் கேட்டுவிட்டு, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பாமலேயே நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம். வென்றவர் கையில் உள்ள தீர்ப்பு அப்படியே நிற்பதால் அவருக்கு இதில் இழப்பில்லை. அதே தீர்ப்பை ரத்து செய்வதென்றால் இந்தக் குறுக்குவழி கிடையாது. அவருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் தரப்பையும் கேட்டாக வேண்டும்.

உங்களுடையது இரண்டாம் மேல்முறையீடு என்பதுதான் இங்கே முக்கியம். பாதை எத்தனை ஆண்டுகளாகப் பயன்பட்டது, எந்தச் சாட்சியை நம்பலாம் என்பன போன்றவற்றுக்கெல்லாம் முதல் மேல்முறையீட்டோடு பெரும்பாலும் கதவு அடைபட்டுவிடுகிறது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 100-ஆவது பிரிவின்படி, முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று எழுவதாக உயர் நீதிமன்றம் கருதி, அதை வகுத்துக்கொண்டால்தான் இரண்டாம் மேல்முறையீடு முழு விசாரணைக்குச் செல்லும். முதல் மேல்முறையீட்டின் நிலை வேறு. அதில் சாட்சியம், சட்டம் இரண்டுமே மறுபடியும் ஆராயத்தக்கவை என்பதால், வாதத்துக்குரிய விஷயம் இருக்கும்போது அதை அவசரமாகத் தள்ளுவது சரியன்று.

ஆகவே வாதம் எத்தனை நிமிடம் நடந்தது என்பதை விட்டுவிட்டு, உத்தரவின் நகலைப் பாருங்கள். முக்கியமான சட்டப் பிரச்சினை ஏன் எழவில்லை என்பதற்குச் சுருக்கமாகவேனும் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவ்வாறு தள்ளுபடி செய்யும்போது காரணங்களைச் சுருக்கமாகப் பதிய வேண்டும் என்ற கட்டாயத்தை 11-ஆவது விதி மற்ற மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு விதித்துவிட்டு, விந்தையாக உயர் நீதிமன்றத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அந்த இடைவெளியை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே நிரப்பியுள்ளன. காரணம் கூறாத தள்ளுபடியை அது 2021-இலும் ரத்து செய்தது. உங்கள் உத்தரவிலும் காரணம் இல்லையென்றால் அதுவே வலுவான வாதமாகும். காரணங்கள் தெளிவாக இருந்தால், இரண்டு நீதிமன்றங்கள் ஒரே முடிவுக்கு வந்த வழக்கில் டெல்லி வரை செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 136-ஆவது உறுப்பின் கீழ் 90 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு தாக்கல் செய்யலாம். ஆனால் அது உரிமையன்று, நீதிமன்றத்தின் விருப்புரிமை. அங்கும் ஒரே வரியில் தள்ளுபடியாகும் மனுக்கள் ஏராளம். அப்படி ஒரு வரியில் தள்ளப்பட்டால், உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் சரியென்று ஏற்றுக்கொண்டதாகப் பொருளாகாது என்று 2000-ஆம் ஆண்டில் குஞ்ஞயம்மது எதிர் கேரள மாநிலம் வழக்கில் தீர்ப்பாகி, 2019-இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. ஆகவே பதிவேட்டைப் பார்த்தவுடனே தெரியும் பிழை இருந்தால், அதன் பிறகும் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு மனுவுக்கு வழியுண்டு.

கேள்வி: சிறையிலிருந்து என் தம்பி தானே எழுதி அனுப்பிய குற்றவியல் மேல்முறையீடு சுருக்கமாகத் தள்ளுபடியானது. வழக்கறிஞர் மூலம் தனியே தாக்கல் செய்த மனு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. அதுவும் போய்விட்டதா? (வாசகி, கடலூர்)

பதில்: போய்விடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 425-ஆவது பிரிவு (பழைய சட்டத்தில் 384) இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது. சிறை வழி வந்த மனு தள்ளுபடியான பின்பு, அதே நபருக்காக முறைப்படி தாக்கலான இன்னொரு மனு கவனிக்கப்படாமல் இருப்பது தெரியவந்தால், நீதியின் நலன் கருதி நீதிமன்றம் அதை விசாரிக்கலாம். வழக்கறிஞர் மூலம் தாக்கலான மனுவை, தரப்பினரையோ வழக்கறிஞரையோ கேட்க நியாயமான வாய்ப்புத் தராமல் தள்ளவும் கூடாது. இரண்டு மனுக்களின் எண்களையும் குறிப்பிட்டு, உங்கள் வழக்கறிஞர் இதை உடனே நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டு செல்லட்டும்.