கேஸ்கட் மாற்றியும் இன்ஜின் சூடாகிறதே!

கேள்வி: ஒன்பது லட்சம் கொடுத்து வாங்கிய கார், இன்னும் இரண்டு வருஷம் முடியவில்லை. ஏசி போட்டு ஹைவேயில் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, கூலன்ட் குறைகிறது. முதலில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், அப்புறம் ரேடியேட்டர் மூடி, கடைசியாக ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு). கொஞ்ச நாள் ஓடும், மறுபடி அதே கதை. "வாரன்டியில் ஃப்ரீயாத்தானே சார் செஞ்சு தர்றோம்" என்கிறார்கள். புது காரே கேட்டு வழக்குப் போடலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: போடலாம், ஆனால் புது காரை மட்டுமே நம்பி இறங்காதீர்கள். 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரன்டிப்படி பழுதான பாகத்தை மாற்றித் தந்தால் போதும், முழு வண்டியையும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. அதனால் இன்ஜினை மாற்று, அலைச்சலுக்கு இழப்பீடு கொடு, முடியாவிட்டால் பணத்தைத் திருப்பு என்று எல்லாவற்றையும் மனுவில் கேட்டு வையுங்கள்.

அதற்கு முன்னால் பழைய ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் புகாரை எழுதித் தரும் தாள்களை, எடுத்துப் பாருங்கள். இன்ஜின் சூடாகிறது என்று நீங்கள் வாயால் சொன்னதை அவர்கள் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதியிருப்பார்கள், கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். இனிமேல் உங்கள் வார்த்தையிலேயே புகாரை எழுதாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். முள் ஏறினால் ஓரம் கட்டி நிறுத்தி, கிலோமீட்டரும் சேர்ந்து தெரிகிற மாதிரி மீட்டரைப் படம் எடுங்கள். அப்படியே ஓட்டிக்கொண்டு போனால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

கேஸ்கட் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சூட்டில் சிலிண்டர் ஹெட், அதாவது கேஸ்கட்டுக்கு மேலே இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி, லேசாக வளைந்துவிடும். அதைச் சமதளமாக இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல், விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யாமல், புது கேஸ்கட்டை வைத்து மூடினால் அதுவும் போகத்தான் செய்யும். ஹெட்டை அளந்தீர்களா, என்ன அளவு வந்தது என்று ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் மெயிலில் கேளுங்கள், அதுவும் வாரன்டி முடிவதற்குள். வாயால் கேட்டால் "பார்த்தாச்சு சார்" என்பதோடு முடிந்துவிடும். பதில் வரும்வரை வெளி மெக்கானிக்கிடம் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள், அதையே சாக்காக வைத்து வாரன்டி இல்லை என்பார்கள்.

மெயிலுக்கு அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லையா, நாமக்கல்லிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 2019 சட்டம் வந்த பிறகு நீங்கள் குடியிருக்கும் ஊரே போதும். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. டீலரோடு தயாரிப்பாளரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். வண்டியை நிபுணரிடம் சோதனைக்கு அனுப்பும்படியும் கேளுங்கள், பல வழக்குகள் அந்த அறிக்கை இல்லாமலேயே தோற்கின்றன. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போக வேண்டும்.

ஒருவேளை கம்பெனியே இறங்கி வந்து புது இன்ஜின் மாட்டித் தந்தால், இன்ஜின் நம்பர் மாறியிருக்கும். பில்லை வாங்கிக்கொண்டு ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியிலும், அப்படியே இன்சூரன்ஸிலும் அதை மாற்றிவிடுங்கள்.