'தி சிம்ப்சன்ஸ்' செய்த 'தி ஷைனிங்' பகடி ஏன் சிரிக்க வைக்கிறது?

பகடி என்பது பலருக்கும் தெரிந்த படைப்பின் சாயலை அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளே வேறு சரக்கை வைக்கும் கேலி. 1980இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்தில், பனிக்காலத்தில் பூட்டிய ஹோட்டலைப் பார்த்துக்கொள்ள வந்தவர் சித்தம் கலங்கிக் கோடரி எடுக்கிறார். 1994இல் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் ஹாலோவீன் அத்தியாயத்திலும் அதே பனி, அதே கோடரி. ஆனால் தொடரின் குடும்பத் தலைவரான ஹோமருக்குப் பித்துப் பிடிக்க, முதலாளி கேபிள் டிவியைத் துண்டித்து பீரையும் அகற்றியதே போதுமானதாக இருக்கிறது! கண்டிப்பான ஆசிரியரின் குரலில் மாணவன் சிற்றுண்டிப் பட்டியலை வாசிப்பது போல, மிரட்டல் பெரிது, விஷயம் அற்பம். பனியில் கிடக்கும் குட்டித் தொலைக்காட்சியைக் கண்டதும் கொலைவெறி அடங்குவதுதான் உச்சம். மூலப்படம் பார்க்காதவர்களுக்கு இது புரியாது என்பது தவறு. டிவிக்கு ஏங்கும் மனிதரைப் புரிந்துகொள்ள முன்கதை வேண்டியதில்லை.