நாடியை வைத்து மூச்சைக் கணக்கிட முடியுமா?

கேள்வி: எனக்கு 49 வயது. மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில், முந்திரி வறுக்கும் டிரம் பக்கத்தில் வேலை. ஒரு நாளில் எவ்வளவு புகை எனக்குள் போகிறது என்று கல்லூரி புராஜெக்ட்டுக்காக என் மகள் கணக்கிடப் போகிறாள். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் நாடித்துடிப்பிலிருந்தே மூச்சின் அளவை எடுக்கலாம் என்கிறாள். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். கணக்கு சரியாக வருமா டாக்டர்?

பதில்: நாடியை மட்டும் நம்பினால் உங்களுக்குச் சரியாக வராது. ஆனால் மகள் பிடித்திருக்கும் வழி நல்ல வழி. காற்றில் எவ்வளவு தூசு என்பது பாதிக் கணக்குதான். அந்தக் காற்றில் எத்தனை லிட்டர் உள்ளே போகிறது என்பது மீதி. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் இழுப்பார். மூட்டை சுமப்பவருக்கு 30 லிட்டரைத் தாண்டலாம். ஒரு கன மீட்டரில் 100 மைக்ரோகிராம் நுண்தூசு உள்ள இடத்தில், 7 லிட்டர் இழுப்பவருக்குள் ஒரு மணி நேரத்தில் 42 மைக்ரோகிராம் போகும். 30 லிட்டர் இழுப்பவருக்குள் 180.

நாள் முழுக்க மூச்சை அளக்கும் முகமூடியோடு யாரும் வேலை செய்ய முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் நாடியை எடுத்துக்கொள்கிறார்கள். உழைப்பு கூடினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். மூச்சளவின் (நிமிடத்துக்கு இழுக்கும் லிட்டரின்) இயல் மடக்கையை, அதாவது natural log-ஐ, நாடிக்கு எதிரே குறித்தால் ஏறக்குறைய நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோடு ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஒவ்வொருவரையும் உடற்பயிற்சி சைக்கிளில் நாலைந்து சுமைகளில், சுமைக்கு 3 முதல் 5 நிமிடம் மிதிக்கவிட்டு, கடைசி நிமிடத்தின் நாடியையும் மூச்சளவையும் சேர்த்துக் குறித்து அவருக்கென்று தனிக்கோடு போட வேண்டும்.

உங்களுக்கு அதுவும் போதாது. கோட்டின் சாய்வு துடிப்புக்கு 0.02 என்று வைத்துக்கொள்வோம். நாடி 35 கூடினால் மூச்சளவு இரட்டிப்பு என்று கணக்கு சொல்லும். டிரம்மின் அனலில் உடலைக் குளிர்விக்க இதயம் கூடுதலாகத் துடிக்கும்; மூச்சு அந்த அளவுக்குக் கூடாது. வெக்கையால் மட்டும் 15 துடிப்பு ஏறினால், இல்லாத 35 சதவீத மூச்சு கணக்கில் சேர்ந்துவிடும். மெட்டோப்ரோலால் இதற்கு நேர்மாறு. அது 20 துடிப்பை அடக்கினால் மூச்சளவு மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும். இரண்டும் சமமாகிவிடும் என்று விட்டுவிட முடியாது. மாத்திரையின் பிடி விழுங்கிய நேரத்தைப் பொறுத்தும், அனல் நீங்கள் நிற்கும் தூரத்தைப் பொறுத்தும் மாறிக்கொண்டே இருக்கும். கைகளால் செய்யும் வேலை, கால் வேலையைவிட நாடியை அதிகம் ஏற்றும் என்பதால் சைக்கிளில் போட்ட கோடும் உங்களுக்கு முழுதாகப் பொருந்தாது.

புராஜெக்ட்டுக்காக மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் பிரஷர் எகிறும். நெஞ்சுவலி, மாரடைப்பு வரைகூடப் போகலாம்.

மகள் செய்யக்கூடியது: நீங்கள் வேலையில் இருக்கும்போது, உங்களிடம் சொல்லாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணட்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மூச்சு மாறிவிடும். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஓய்வில் ஒரு மூச்சு அரை லிட்டர், கடும் உழைப்பில் 2 லிட்டர்கூட ஆகும். நாடி, மூச்சு எண்ணிக்கை, வயது, பாலினம், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் கிடைக்கும் நுரையீரல் கொள்ளளவு எல்லாம் சேர்ந்த சூத்திரங்கள் நாடி மட்டும் உள்ளவற்றைவிட நம்பகமானவை. கையை ஆட்டி வேலை செய்யும்போது வாட்ச் தடுமாறும். நாடியை அளக்கும் நெஞ்சுப்பட்டை நல்லது, அதன் உள்பக்கத்தை நனைத்துக் கட்டுங்கள். தூசுமானி மூக்கிலிருந்து ஒரு சாணுக்குள், சட்டைக் காலரில் இருக்கட்டும். மலிவான தூசுமானிகள் நம் மழைக்கால ஈரத்தில் கூட்டிக் காட்டும். வெயில் நாளில் அளப்பது மேல். இரண்டு கருவிகளின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு நிமிடம் பெருக்கிக் கூட்ட வேண்டும். சராசரித் தூசை சராசரி மூச்சால் பெருக்கினால், டிரம்மைக் கிளறும்போது புகையும் மூச்சும் ஒருசேர ஏறுவது கணக்கில் வராது.

புராஜெக்ட்டைவிட எனக்கு முக்கியமான கேள்வி ஒன்று: வேலை நாள் மாலையில் இருமலோ இளைப்போ வந்து, ஞாயிற்றுக்கிழமை குறைகிறதா? அப்படியென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரி பற்றிக் கேளுங்கள். மெட்டோப்ரோலால் சிலருக்கு இளைப்பைக் கூட்டும் என்பதால், மாத்திரையைத் தொடர்வதா மாற்றுவதா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமும் பேசுங்கள்.